அரவணைப்புப் பட்டை

அந்த முதியோர் இல்லத்துக்குள் யார் வேண்டுமானாலும் சுலபமாக நுழைந்துவிடலாம். வெளியே வருவதுதான் பெரும்பாடு. வாசலில் காவலாளி ஒரு படிவத்தோடு உட்கார்ந்திருப்பார். பெற்றவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகள் அதிலுள்ள கட்டங்களில் ஒன்றில் பெருக்கல் குறி போட்டுக் கீழே கையெழுத்திட வேண்டும். கட்டங்கள் மூன்று: திருப்தி, மிகவும் திருப்தி, சொல்ல வார்த்தையில்லை. நான்காவதாகவும் ஒன்று இருந்ததாம். அதில் யாருமே குறி போடாததால், இடம் வீணாகிறது என்று எடுத்துவிட்டார்களாம். கையெழுத்து ஆனால்தான் காவலாளி பொத்தானை அழுத்துவார், கதவு திறக்கும்.

நம்முடைய தையற்காரர் பதினோரு மாதத்தில் நாற்பத்து நான்கு தடவை 'மிகவும் திருப்தி' போட்டிருந்தார். வெறும் 'திருப்தி' என்று போட்டால் அந்தக் கோபத்தை அப்பாவிடம் காட்டுவார்களோ என்று பயம். 'சொல்ல வார்த்தையில்லை' போடக் கூச்சம். நடுவில் இருப்பதுதான் வம்பில்லாதது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார். வம்பில்லாமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

அவருடைய அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருடம் மணி அடித்தவர். கடிகாரத்தைப் பார்க்காமலே நேரம் சொல்வார், இரண்டு நிமிடம் கூடக் குறைய இருந்தால் கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஞாபகம் உதிரத் தொடங்கியபோது மகனின் பெயர் போயிற்று, மனைவி இறந்துபோன செய்தி போயிற்று, நேரம் மட்டும் போகவில்லை. காலை எட்டரை ஆனால் மணி அடிக்கக் கிளம்பிவிடுவார். இரண்டு முறை நடுச்சாலையில் பேருந்துக்கு முன்னால் நின்றவரைப் பிடித்து அழைத்து வந்தார்கள். தையற்காரர் கடைக்கும், அவர் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கும் போயாக வேண்டும். "வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறதா? மனுஷனை அப்படிப் பண்ணலாமா?" என்று இருவரும் பேசிப் பேசித்தான் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

சேர்த்த இரண்டாம் வாரமே மேலாளர் தையற்காரரைத் தனியே அழைத்தார். எப்போதும் ஒரு நோயாளியின் பக்கத்தில் நிற்பதுபோலக் குரலைத் தாழ்த்திப் பேசுகிற மனிதர் அவர்.

"தையல் கடை வச்சிருக்கீங்களாமே? ஒரு சின்ன உதவி. திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டறதுக்குப் பட்டை வேணும், எண்பது. ஒண்ணரை அங்குல அகலம். ஒரு முனையில வளையம் இருக்கணும். துணி நல்லா கெட்டியா இருக்கட்டும். எவ்வளவு இழுத்தாலும் பிஞ்சுடக் கூடாது."

திரைச்சீலை எப்போது யாரை இழுத்தது என்று தையற்காரர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நாம் ஒன்று செய்து கொடுத்தால் அப்பாவைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பார்கள் என்றுதான் தோன்றியது. முரட்டுப் பருத்தித் துணி எடுத்து, இரட்டைத் தையல் ஓட்டி, வளையம் பிரியாமலிருக்க அதன் அடியில் ஒரு சின்னச் சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் தைத்தார். பை, வார், இடுப்புப்பட்டி எதுவானாலும் பாரம் தாங்கும் இடத்தில் அவர் அப்படித்தான் தைப்பார். அது அவர் கை முத்திரை. எண்பது பட்டைகளையும் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்று சொல்லி வந்தார்.

நாற்பத்தைந்தாவது தடவை போனது அப்பாவுக்குப் புதுச் சட்டைக்கு அளவெடுக்க. பார்வை நேரம் நாலு முதல் ஐந்து. வெக்கை பொறுக்க முடியாத நாள் அது, ஆனால் அப்பா முழுக்கைச் சட்டையில் மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார். தையற்காரர் கழுத்தை அளந்தார். சேர்த்தபோது பதினைந்தாக இருந்தது இப்போது பதின்மூன்றரைக்கு வந்திருந்தது. நாடா சுருங்கிவிட்டதோ என்று மறுபடி அளந்தார். நாடா சரியாகத்தான் இருந்தது. கை அளவு மாறாது என்று இதுவரை பழைய அளவிலேயே தைத்தவர், இன்று நாடாவை மணிக்கட்டுப் பக்கம் கொண்டுபோனதும் அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"அப்பா, நான்தான்பா. அளவு எடுக்கறேன்."

"மணி நாலு அஞ்சு," என்றார் அப்பா. "இப்பதான் விட்டாங்க."

கெஞ்சி, கையை முன்னால் வாங்கி, பொத்தானைக் கழற்றினார். மணிக்கட்டைச் சுற்றி ஒன்றரை அங்குல அகலத்தில் தோல் கன்றிக் கறுத்திருந்தது. இரண்டு ஓரங்களிலும் வரிசையாக ஊசிப் புள்ளிகள். நடுவில், நாடித் துடிப்பு பார்க்கிற இடத்தில், ஒரு சின்னச் சதுரம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி. இந்த உலகத்தில் அந்தத் தழும்பைப் பார்த்ததும் யாருடைய வேலை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அதன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

அறைக்குப் போய்க் கேட்டபோது மேலாளர் பதறவில்லை. நாற்காலி போடச் சொன்னார்.

"கட்டறதா? அந்த வார்த்தையே இந்த இல்லத்துல கிடையாதுங்க. எங்க கையேட்டுல இருபத்து மூணாம் பக்கம் பாருங்க. அதுக்குப் பேரு பாதுகாப்பு அரவணைப்பு. மதியம் ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் ஓய்வு நேரம். அப்ப எழுந்து நடந்தா விழுந்துடுவாங்க. விழுந்தா நாங்க எழுதணும். எழுதினா மேல அனுப்பணும். போன வருஷம் பூரா இங்க ஒருத்தர்கூட விழலை. அதோ பாருங்க, விருது." கண்ணாடி அலமாரியில் பித்தளைக் கோப்பை ஒன்று மின்னியது.

"ஆள் போட்டுப் பாத்துக்கலாமே சார்?"

"நாப்பது பேருக்கு ரெண்டு பணிப்பெண்கள் இருக்காங்களே! இன்னும் போடலாம்தான். ஆனா ஆள்னா லீவு கேக்கும், சண்டை போடும். பட்டை கேக்காது பாருங்க. ஒரு கைக்கு ஒண்ணு, மொத்தம் எண்பது. அதுல மட்டும் இதுவரைக்கும் நாங்க யாருக்கும் குறை வச்சதே இல்லை."

"அப்பா ரொம்ப இளைச்சுட்டாரு."

"சோறும் தண்ணியும் அளவாக் கொடுத்தா படுக்கை ஈரமாகாது. சுத்தத்துக்குத் தனி விருது இருக்கு, கீழ் தட்டுல."

"திரைச்சீலைக்குன்னு சொன்னீங்களே சார்."

"அதுக்கும் தாராளமாப் பயன்படுத்தலாம்," என்றார் மேலாளர். பிறகு முன்னால் சாய்ந்து, மனதாரப் பாராட்டினார். "உண்மையைச் சொல்றேன், முன்னாடி வாங்கினதெல்லாம் மூணு மாசத்துல பிஞ்சுடும். உங்களுது பத்து மாசம் ஆச்சு, ஒரு நூல் கழலலை. என்ன இழுவை இழுக்கறாங்கன்னு நினைக்கறீங்க!"

தையற்காரர் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. எல்லா ஜன்னல்களிலும் அப்படித்தான். அந்தக் கட்டடத்தில் திரைச்சீலை என்று ஒரு முழத் துணிகூட இல்லை. துணியோடு துணியாக வாழ்கிற மனிதர் பதினோரு மாதம் வந்துபோய் அதைக் கவனிக்கவில்லை.

"இப்பவே அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

"தாராளமா. தொண்ணூறு நாள் முன்னறிவிப்பு எழுதிக் கொடுங்க, தொண்ணூத்தோராம் நாள் கூட்டிட்டுப் போங்க. சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

வாசலில் காவலாளி படிவத்தை நீட்டினார். தையற்காரர் மூன்று கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கதவு திறந்தாக வேண்டும். அன்றும் நடுக் கட்டத்தில்தான் குறி போட்டார்.

வீட்டுக்கு வந்து இல்ல நிர்வாகத்துக்குப் புகார் எழுதினார். அளவு நோட்டில் எண்களைத் தவிர எதையும் எழுதிப் பழக்கமில்லாதவர் நாலு பக்கம் எழுதினார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. தங்கள் புகார் இல்லத்தின் குறை தீர்க்கும் குழுவால் ஏற்கப்பட்டு, குடும்பங்களின் பிரதிநிதி அவர்களின் விசாரணைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று இருந்தது. யாரோ ஒரு நல்ல மனிதர் விசாரிக்கப் போகிறார் என்று தையற்காரர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். மறுநாள் இன்னோர் உறை வந்தது. 'குடும்பங்களின் பிரதிநிதி அவர்களுக்கு' என்று தொடங்கிய அந்தக் கடிதத்தில், இணைக்கப்பட்டுள்ள புகாரை நேர்மையாக விசாரித்துப் பதினைந்து நாளில் அறிக்கை தரும்படி கேட்டிருந்தார்கள். இணைப்பைப் பிரித்தார். அவருடைய நாலு பக்கம் அவரைப் பார்த்து விழித்தது. அப்பாவைச் சேர்த்த அன்று பதினாலு இடத்தில் போட்ட கையெழுத்துகளில் ஒன்று அவரைப் பிரதிநிதியாக ஆக்கியிருந்தது.

சரி, நாமே விசாரிப்போம் என்று அவர் பேனாவை எடுப்பதற்குள் மூன்றாவது கடிதம் வந்துவிட்டது. அதைத் தையற்காரரின் மனைவிதான் சத்தமாகப் படித்தாள். புகார் கொடுத்தவரும் விசாரிப்பவரும் ஒருவரே என்பதால் நடுநிலையைக் கருதி விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது. பட்டைகளைத் தயாரித்தவரும் அவரே என்பதால் அவர் மீது நடவடிக்கை தேவையா என்பது பரிசீலனையில் உள்ளது. புகார் முடியும்வரை சம்பந்தப்பட்ட பொருளை இல்லத்தை விட்டு எடுத்துச் செல்லக் கூடாது.

"பொருள்னா என்ன? பட்டையா?" என்று கேட்டாள்.

"அப்பா," என்றார் தையற்காரர்.

மூத்தோர் பாதுகாப்பு அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. மின்தூக்கி வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போனவரை அலுவலர் அன்பாகத்தான் உட்கார வைத்தார்.

"பாதிக்கப்பட்டவர் நேர்ல வந்து சொல்லணுமே."

"அவரைக் கட்டி வச்சிருக்காங்க சார்."

"அதைத்தான் அவர் நேர்ல வந்து சொல்லணும்ங்கறேன்." அலுவலர் மேசையைத் துடைத்துக்கொண்டே பேசினார். "நான் இந்த நாற்காலிக்கு வந்து ஒன்பது வருஷம். இன்னைக்கு வரைக்கும் ஒரு பெரியவர், ஒரே ஒரு பெரியவர், இந்தப் படியேறி வந்து குறைன்னு சொன்னதில்லை. அதுக்கு என்ன அர்த்தம்? எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். நான் வருஷா வருஷம் அப்படித்தான் அறிக்கை அனுப்பறேன்."

தையற்காரர் தழும்பைப் பற்றிச் சொன்னார், கழுத்தளவைப் பற்றிச் சொன்னார். அலுவலர் படிவக் கட்டு ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். இல்லத்திலிருந்து முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்தது.

"நாப்பத்தஞ்சு தடவை மிகவும் திருப்தி. எல்லாம் உங்க கையெழுத்து. என் வீட்டுல நானே இவ்வளவு திருப்தியா இருந்ததில்லைங்க." பிறகு ஒரு தாளை மெதுவாகத் தள்ளினார். "நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். தவறான புரிதல்ல கொடுத்துட்டேன், புகாரை வாபஸ் வாங்கறேன்னு ஒரு கையெழுத்து. நாளைக்கே அப்பாவை விடச் சொல்றேன். உங்க மேல நடவடிக்கையும் வராது. உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

தையற்காரர் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து தையல் இயந்திரத்தின் மேல் வைத்தார். அவரைப் பெரிய வீரர் என்று யாரும் நினைக்க வேண்டாம். பேனா மூடியைத் திறந்துவிட்டார். ஒரு நாள் தாமதித்தாலும் அப்பாவின் கைகள் அந்தப் பட்டைக்குள் இருக்கும். கையெழுத்துப் போட்டால் அப்பா வந்துவிடுவார். மற்ற முப்பத்தொன்பது பேரின் கைகள் அவர் தைத்த தையலுக்குள்ளேயே இருக்கும், அவர் அதை மறந்துவிட முயற்சி செய்ய வேண்டும்.

மனைவி பேனாவைப் பிடுங்கினாள். "இத்தனை நாள் போட்ட கையெழுத்து போதாதா? எங்க கம்பெனி நோட்டீஸ் போர்டுல இலவசச் சட்ட உதவின்னு ஒரு அட்ரஸ் ஒட்டியிருக்கு. யாரும் போறதில்லை. நாம போவோம், வாங்க."

நீதிமன்றத்துக்குப் பின்புறம், நகலெடுக்கும் கடைக்கு மேலே ஓர் அறையில் சட்ட உதவி வக்கீலம்மா ஒருவர் இருந்தார். கையில் டீ, எதிரில் மலைபோலக் கோப்புகள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, மூன்று கடிதங்களையும் வாங்கிப் படித்தார். 'சம்பந்தப்பட்ட பொருள்' வந்த இடத்தில் டீயைக் கீழே வைத்தார்.

"தொண்ணூறு நாள், எடுத்துச் செல்லக் கூடாது, பாதிக்கப்பட்டவரே மாடி ஏறி வரணும்... இதெல்லாம் எந்தச் சட்டத்துல இருக்குன்னு கேட்டீங்களா?"

"கேக்கலம்மா. அச்சடிச்சிருந்தாங்க."

"அச்சடிச்சா சட்டம் ஆயிடுமா? அது சட்டம் இல்லைங்க, அது ஜெராக்ஸ். கீழ் கடையில நிமிஷத்துக்கு இருபது வரும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மனுஷனைக் கட்டிப்போட்டுப் பட்டினி போடறது குற்றம். பெத்த பிள்ளை மட்டுமில்ல, தெருவுல போறவர்கூடப் புகார் கொடுக்கலாம். காயத்தைப் போட்டோ எடுத்தீங்களா? தேதி போட்டு எழுதி வச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா," என்றார் தையற்காரர். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று பையிலிருந்து அளவு நோட்டை எடுத்தார். அப்பாவுக்கு அவர் மூன்று நாலு மாதத்துக்கு ஒரு சட்டை தைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் தேதி, மார்பு, இடுப்பு, கழுத்து. பதினைந்து, பதினாலே முக்கால், பதினாலே கால், பதின்மூன்றரை. முன்பெல்லாம் வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு தைத்திருக்கிறார்.

வக்கீலம்மா பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். "இதை எந்த டாக்டர் எழுதினாலும் இவ்வளவு சுத்தமா இருக்காது," என்றார். "இன்னொண்ணு. பட்டை நான் தைச்சதுன்னு நீதிபதி முன்னாடி சொல்லுவீங்களா? சொன்னாத்தான் தழும்பும் பட்டையும் ஒண்ணுன்னு நிரூபிக்க முடியும். ஆனா உங்களையும் கேள்வி கேப்பாங்க. கஷ்டமா இருக்கும்."

"சொல்றேன்மா. எனக்குத் தெரியாமத்தான் தைச்சேன்னு சொல்லமாட்டேன். கேக்காம தைச்சேன்னு சொல்றேன்."

அவசர மனு போட்டு உத்தரவு வர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் மதியம் ஒரு மணி ஆனதும் தையற்காரரால் இயந்திரத்தை மிதிக்க முடியவில்லை. நாலு மணி வரை சும்மா உட்கார்ந்திருந்தார். சட்டை வாங்க வந்தவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள்.

ஏழாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு, நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பிய ஆணையர், அரசு மருத்துவர், வக்கீலம்மா, தையற்காரர் நால்வரும் இல்லத்து வாசலில் நின்றார்கள். "ஓய்வு நேரம்" என்றார் காவலாளி. ஆணையர் உத்தரவைக் காட்டினார். கதவு திறந்தது.

நீளமான கூடம். நாற்பது கட்டில்கள், நாற்பது பேர். கட்டில் கம்பியோடு எண்பது கைகள். அவ்வளவு பேர் இருந்தும் பேச்சுச் சத்தமே இல்லை. யாரோ ஒருவர் மட்டும் தண்ணி, தண்ணி என்று சொல்லிக்கொண்டிருந்தார், யாரையும் கூப்பிடுவதுபோல இல்லை, பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவர் ஒவ்வொரு மணிக்கட்டாகப் பார்த்து எழுதினார். மேலாளர் பின்னாலேயே வந்தார். "எவ்வளவு அமைதியா இருக்காங்க பாருங்க சார்," என்றார் ஆணையரிடம்.

"இதையெல்லாம் யார் தைச்சது?" என்று கேட்டார் ஆணையர்.

"நான்தாங்க," என்றார் தையற்காரர். சொல்லும்போதே அழுதுவிட்டார். "எண்பதும் நான் தைச்சதுங்க."

தண்ணீர் கேட்டவருக்கு வக்கீலம்மா முதலில் தண்ணீர் கொடுத்தார். தையற்காரர் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். இல்லத்தின் சொத்து என்று மேலாளர் குறுக்கே வந்தார். நாலு பட்டையை மட்டும் ஆணையர் சாட்சிக்கு முடிச்சோடு எடுத்துக்கொண்டார், மற்றதை வெட்டச் சொல்லிவிட்டார். சுலபமாக வெட்டுப்படவில்லை. அவ்வளவு நன்றாகத் தைத்திருந்தார். விரல் கொப்புளித்தும் அவர் விடவில்லை, ஒவ்வொரு கட்டிலாக நகர்ந்து ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெட்டினார். யாருக்கும் எதற்கென்று புரியவில்லை. ஒரு அம்மா மட்டும் அவர் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார்.

திரும்பும்போது காவலாளி வழக்கம்போலப் படிவத்தை நீட்டினார். அறிக்கையை மனதில் எழுதிக்கொண்டே வந்த ஆணையர், பேனா ஏற்கெனவே கையில் இருந்ததால், குனிந்து, நடுக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுக் கையெழுத்திட்டார். பொத்தான் அழுந்தியது. கதவு திறந்தது. தாம் என்ன செய்தோம் என்பது ஆணையருக்கு வெளிவாசலில்தான் உறைத்தது.

"சார்!" என்றார் காவலாளி. "நீங்களும் மிகவும் திருப்தியா?"

வக்கீலம்மா சிரிக்கவில்லை. அந்தப் படிவத்தைப் பக்குவமாக வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். நீதிமன்றத்தில் நாற்பத்தைந்து திருப்திகளையும் அந்த நாற்பத்தாறாவது அடித்து வீழ்த்திவிட்டது. இல்லத்துக்குப் பூட்டுப் போட்டார்கள், மேலாளர் மீது வழக்கு நடக்கிறது, மற்றவர்களைப் பிள்ளைகளும் வேறு நல்ல இடங்களும் ஏற்றுக்கொண்டன. பாதுகாப்பு அலுவலர் அந்த வருட அறிக்கையில், எந்த முதியவரும் இதுவரை நேரில் வந்து குறை சொல்லவில்லை என்று பத்தாவது முறையாக எழுதினார். அது உண்மைதானே.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி காலை நேர வேலைக்கு மாற்றிக்கொண்டு மதியம் வந்துவிடுவாள். தையற்காரர் இயந்திரத்தைக் கடையிலிருந்து தூக்கி வந்து வீட்டு முன்னறையில் போட்டுக்கொண்டார். எட்டரை ஆனால் அப்பாவுக்கு அடிக்க ஒரு பித்தளை மணியும் வாங்கித் தொங்கவிட்டார். ஜன்னலுக்கு நீலத்தில் திரைச்சீலை தைத்துப் போட்டார். ஒதுக்கிக் கட்டப் பட்டை வைக்கவில்லை. அது தொங்கியபடியே காற்றில் ஆடும்.

வந்த முதல் நாள் மதியம் தையற்காரர் அப்பாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினார். அப்பா ஒவ்வொரு வாயையும் நெடுநேரம் மென்று, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னும் வேணுமாப்பா என்று கேட்டதற்கு நம்பாமல் மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு வாயைத் துடைத்துவிட்டுக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். மனைவி போர்வையை இழுத்துவிட்டாள். அந்த அறையில் கடிகாரம் இல்லை.

"மணி ஒண்ணு," என்றார் அப்பா.

சொல்லிவிட்டு, சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு மணிக்கட்டுகளையும் மகனிடம் நீட்டினார்.